ஸ்கின் கலர்னா எந்தக் கலர்? நம்ம ஊரு நீலத்துணியின் கதை (நீண்ட இழை)

1/
மக்களே, இன்னைக்கு மருத்துவம் கொஞ்சம், வரலாறு நிறைய. பாகூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா, மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. பொண்ணுக்கு ரெண்டு வாரத்துல கல்யாணம். கன்னம் ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு, மெல்லிய ரத்தக்குழாய்கள் தோலுக்கு வெளிய தெரியுது, தாடையோரம் பூனைமுடி, நெத்தி நிறைய பரு. பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு: ஸ்டீராய்டு க்ரீம். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
"எத்தனை நாளா போடுற பாப்பா?"ன்னு கேட்டேன். மூணு மாசமாம். அம்மாதான் பதில் சொன்னாங்க: "ரிசப்ஷனுக்கு பீச் கலர் கவுன் எடுத்தோம் டாக்டரம்மா. இவ கலருக்கு அது எடுபடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அட்வான்ஸ் குடுத்தாச்சு, துணியை மாத்த முடியாது. அதான் முகத்தை மாத்திக்கலாம்னு..."

துணியை மாத்த முடியாது, முகத்தை மாத்திக்கலாம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இந்த இழை அதனாலதான்.

3/
ஜவுளிக்கடைக்குப் போய் "ஸ்கின் கலர் லெகின்ஸ்" கேளுங்க. என்ன எடுத்துப் போடுவாங்க? வெளிறின சந்தன நிறத்துல ஒண்ணு. வில்லியனூர் கடைத்தெருவுல நிக்கிற நூறு பேர்ல எத்தனை பேருக்கு அது தோல் நிறம்? ஆனா கேக்குறவங்களுக்கும் கேள்வி வராது, குடுக்குறவங்களுக்கும் வராது.

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல க்ரேயோலா கம்பெனி வெளிர் ஆரஞ்சு க்ரேயானுக்கு "சதை நிறம்"னு பேர் வச்சிருந்துச்சு. 1962-லதான் அதை "பீச்"னு மாத்தினாங்க. பேண்ட் எய்ட் வந்தது 1920-ல. பல தோல் நிறங்கள்ல கொண்டு வருவோம்னு அந்தக் கம்பெனி அறிவிச்சது 2020-ல. நூறு வருஷம்!

4/
எங்க மருத்துவமும் யோக்கியம் இல்ல. தோல் மருத்துவத்துல இன்னைக்கும் பயன்படுற ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-ல வந்தது. வெயில் பட்டா தோல் எரியுமா, கருக்குமான்னு பார்த்து வகை பிரிக்கும். ஆரம்பத்துல இருந்த நாலு வகையும் வெள்ளைத் தோலுக்கு. பழுப்புக்கும் கறுப்புக்கும் 5, 6 பின்னாடி சேர்த்தது. உலகத்துல பெரும்பாலான மக்கள் பின்னிணைப்பா வந்து சேர்ந்தோம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். ஏன்னா தோலுக்கும் துணிக்கும் இருக்கிற உறவுல, நம்ம புதுச்சேரி மண்ணுக்குப் பெரிய பங்கு இருக்கு.

5/
புதுச்சேரியில இருந்து கடலூர் ரோட்டுல பாகூர் போறவங்க அரியாங்குப்பம் தாண்டித்தான் போகணும். அங்கேதான் அரிக்கமேடு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அங்க தோண்டினப்போ செங்கல் தொட்டிகள் கிடைச்சுது. துணிக்குச் சாயம் ஏத்துற தொட்டிகளா இருக்கலாம்னு அவர் கருதினார். ரோமானியர்களோட வியாபாரம் பண்ணின துறைமுகம் அது. பெரிப்ளூஸ் என்கிற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு "பொதுகே"ன்னு சொல்ற ஊர் இதுதான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. அதாவது, ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே நம்ம கரை உலகத்தோட துணி வியாபாரத்துல இருக்கு.

6/
இப்போ கதாநாயகன் வர்றார்: அவுரி. நீலச்சாயம் தர்ற செடி. நாகப்பட்டினத்துல அவுரித்திடல்னு ஒரு இடமே இருக்கு. இலையைத் தண்ணித் தொட்டியில ஊறப்போட்டுப் புளிக்க வைப்பாங்க. அப்புறம் காத்து கலக்குற மாதிரி நல்லா அடிப்பாங்க. நீலம் அடியில வண்டலா தங்கும், எடுத்துக் காய வச்சு வில்லையாக்குவாங்க. சாயத்தொட்டியில முக்கி எடுக்கும்போது துணி மஞ்சள்-பச்சையா இருக்கும். வெளிய எடுத்து விரிச்சா, காத்து பட்டு, கண் முன்னாடியே நீலமா மாறும்.

7/
ஒரு டாக்டர் தகவல். நீலத்துக்கு மூலப்பொருள் இண்டாக்சில். அதை நம்ம உடம்பும் செய்யுது! சாப்பாட்டுல இருக்கிற டிரிப்டோஃபேனைக் குடல் கிருமிகள் உடைக்க, கல்லீரல் அதை மாத்தி சிறுநீர்ல அனுப்புது. ரொம்ப நாளா கத்தீட்டர் போட்டிருக்கிற பெரியவங்களுக்கு, அதுல சில பாக்டீரியா சேர்ந்தா, சிறுநீர்ப் பை ஊதா நிறமா மாறிடும். பர்ப்பிள் யூரின் பேக் சிண்ட்ரோம்னு பேர். உறவுக்காரங்க பயந்து ஓடி வருவாங்க. அவுரித் தொட்டியில நடக்கிற அதே வேதியியல்தான். வெள்ளைக்காரர், கறுப்பர் எல்லாருக்குள்ளயும் ஒரே நீலம்.

8/
18-ஆம் நூற்றாண்டு. டூப்ளே கவர்னரா இருந்த காலத்துல வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்துச்சு. 1752-ல பாகூர்லயே பிரெஞ்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் மோதினாங்க, பிரெஞ்சுப் படை தோத்துச்சு. இந்தச் சண்டைக்கெல்லாம் பின்னாடி இருந்தது பெருமளவு துணி வியாபாரம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினீங்கன்னா, அரசியலுக்கு நடுவுல துணிக்கட்டும் நெசவாளருக்குக் குடுத்த முன்பணமும் வந்துகிட்டே இருக்கும்.

9/
அந்தத் துணிகள்ல ஒண்ணுதான் "கினே". நம்ம கரையில நெஞ்சு, அவுரி நீலத்துல முக்கி, பளபளப்பு வர்ற வரைக்கும் கட்டையால அடிச்ச பருத்தித் துணி. ஒரு பீஸ் சுமார் 16 மீட்டர். புதுச்சேரியில ஏத்தி, பிரான்ஸ் வழியா, மேற்கு ஆப்பிரிக்காவுல செனகல் ஆத்தங்கரை வரைக்கும் போகும். அங்க அது வெறும் துணி இல்ல, காசு. இத்தனை எடை கருவேலம் பிசினுக்கு இத்தனை பீஸ் கினேன்னு கணக்கு.

10/
அங்க இருக்கிற மூர் மக்கள் அதை உடுத்தினாங்க. நீலச்சாயம் பருத்தி நூலோட ரசாயனப் பிணைப்பு எதுவும் வச்சுக்காது, மேலேயே ஒட்டிட்டு நிக்கும். வேர்வை பட்டா தோல்ல ஏறும். (புது ஜீன்ஸ் போட்டா தொடையில நீலம் படியுதே, அதேதான்.) அவங்க அதைக் குறையா நினைக்கல. உடம்புல நீலம் ஏறினாதான் நல்ல துணி, செல்வாக்கு. சகாராவுல துவாரெக் மக்களுக்கு "நீல மனிதர்கள்"னு பேர் வந்ததும் இப்படி நீலத்துணி உடுத்தித்தான்.

யோசிங்க: பாலைவனத்துல ஒரு கூட்டம், உடம்பு இன்னும் கருநீலமா ஆகணும்னு காசு குடுத்து நம்ம துணியை வாங்குச்சு.

11/
ஐரோப்பாவுல இதுக்குப் போலி செஞ்சு பார்த்தாங்க. எடுபடல. மூர் மக்கள் மோந்து பார்ப்பாங்க, தொட்டுப் பார்ப்பாங்க, பளபளப்பைப் பார்ப்பாங்க. இது அது இல்லன்னு தள்ளிடுவாங்க. அந்தப் பாலைவன வாடிக்கையாளரோட மூக்குதான் நம்ம சாயக்காரரோட வேலைக்குக் கேரண்டி. அவங்க ரசனைக்கும் அவங்க உடம்புக்கும் ஏத்த மாதிரி இங்க துணி தயாரானது. துணிதான் ஆளுக்கு ஏத்த மாதிரி மாறுச்சு. இதை மறந்துடாதீங்க, கடைசியில மறுபடி வரும்.

12/
பெருமையை மட்டும் சொல்லிட்டுப் போனா அது வரலாறு இல்ல. 18-ஆம் நூற்றாண்டுல இந்தியப் பருத்தித் துணிகளைக் குடுத்துத்தான் ஐரோப்பியர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுல மனுஷங்களையும் வாங்கினாங்க. அடிமைகளா. அதுல கினேயும் இருந்துச்சு. இங்க தறியில உக்காந்திருந்தவருக்கு அது தெரிஞ்சிருக்காது. ஆனா நம்ம நீலத்துல அந்தக் கறையும் இருக்கு.

இன்னொரு கொடுமை: துணி குடுத்து வாங்கின பிசின் எதுக்குப் போச்சு? ஐரோப்பிய ஆலைகள்ல துணியில அச்சுப் போட சாயத்தைக் கெட்டியாக்குறதுக்கு. நம்ம நெசவை அழிச்ச ஆலைத் துணிக்கு, நம்ம துணியே பிசின் வாங்கிக் குடுத்துச்சு.

13/
கப்பல்ல அந்தப் பக்கம் போனவங்க கதைக்கு வருவோம். நியூ ஆர்லியன்ஸ், 1786. அப்போ அது ஸ்பெயின் ஆட்சியில. அடிமை இல்லாத கறுப்பினப் பெண்கள் அழகா உடுத்தி, தலை அலங்காரம் பண்ணிக்கிட்டு நடந்தது வெள்ளைக்காரங்க கண்ணை உறுத்துச்சு. கவர்னர் மிரோ ஒரு உத்தரவு போட்டார்: இவங்க தலைமுடியைத் துணியால மூடணும். நோக்கம், அவங்க இடம் என்னன்னு காட்டுறது. அந்தத் துணிக்குப் பேர் தின்யோன்.

அந்தப் பெண்கள் என்ன பண்ணாங்க தெரியுமா?

14/
மூடினாங்க. ஆனா பளிச்சுன்னு கட்டம் போட்ட துணியை எடுத்து, உயரமா, விதவிதமா முடிச்சுப் போட்டுக் கட்டினாங்க. தண்டனையையே ஃபேஷனாக்கிட்டாங்க. அந்தக் கட்டம் போட்ட துணிக்குப் பேர் "மெட்ராஸ்". நம்ம சோழமண்டலக் கரையில நெஞ்ச கைக்குட்டைத் துணி. நம்ம அப்பா கட்டுற கைலிக்குச் சொந்தக்காரத் துணின்னு வச்சுக்கங்க.

கரீபியன்ல மார்ட்டினிக், குவாதலூப் தீவுகள்லயும் அதே துணி. இன்னைக்கும் அங்க விழாவுக்கு மெட்ராஸ் துணிதான் பாரம்பரிய உடை.

15/
1848-ல பிரான்ஸ் அடிமை முறையை ஒழிச்சுது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணுமே? ஒப்பந்தக் கூலிங்கிற பேர்ல நம்ம ஆட்களை ஏத்தினாங்க. 1853-ல மார்ட்டினிக்குக்கும், 1854-ல குவாதலூப்புக்கும் முதல் கப்பல். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியா ஆயிரக்கணக்கான தமிழர்கள் போனாங்க. போய் இறங்கின ஊர்ல, அறிமுகம் இல்லாத பெண்கள் தலையில அறிமுகமான துணி. ஆள் போறதுக்கு முன்னாடியே துணி போய்ச் சேர்ந்திருந்துச்சு.

16/
இங்க புதுச்சேரியில என்ன நிலைமை? ஊரே ரெண்டு. கடலோரம் "வெள்ளை நகரம்", வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் "கறுப்பு நகரம்". பிரெஞ்சுக்காரங்க வச்ச பேரே அதுதான். இன்னைக்கு ஒயிட் டவுன்ல மஞ்சள் சுவர் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கிறோம். அந்தப் பேர் சுவருக்கு வச்ச பேர் இல்ல, தோலுக்கு வச்ச பேர்.

17/
1873. பொன்னுத்தம்பிப் பிள்ளைன்னு ஒரு வக்கீல். தமிழ் உடையோட, கால்ல ஐரோப்பிய பாணி ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள போனார். கூடாதுன்னுட்டாங்க. இந்திய உடை உடுத்துறவன் அந்த ஷூ போடக்கூடாதாம். ஷூ வேணும்னா முழு ஐரோப்பிய உடைக்கு மாறணும். ஒரு மனுஷன் தலையில இருந்து கால் வரைக்கும் என்ன போடலாம்னு ஆட்சி முடிவு பண்ணுது.

அவர் விடல. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். ஜெயிச்சார். ஒரு ஜோடி ஷூவுக்காக!

18/
ஷூவுக்காக இல்லன்னு உங்களுக்கே தெரியும். 1881-ல ஒரு சட்டம் வந்துச்சு: தங்களோட சொந்த சாதி-மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறலாம், புதுசா குடும்பப் பேர் வச்சுக்கலாம். பொன்னுத்தம்பி "லாபோர்த்"னு வச்சுக்கிட்டார். பிரெஞ்சுல கதவுன்னு அர்த்தம். ஒடுக்கப்பட்ட சாதியில இருந்தும் பலர் அந்தக் கதவு வழியா போனாங்க. ஏன்னா செருப்பு போடக்கூடாதுங்கிற தடை அவங்களுக்கு வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே, நம்ம தெருவுலயே இருந்துச்சு. இதையும் சேர்த்துச் சொன்னாதான் கதை முழுசு.

19/
அப்புறம் கைத்தறி போய் மில் வந்துச்சு. 1820களோட கடைசியில ஆரம்பிச்சு சவானா, ரோடியர்னு பெரிய ஆலைகள். நீலத்துணி மில்லுல ஓடுச்சு. 1897-ல ஜெர்மனியில பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டு வர, அவுரி வயல்கள் ஒண்ணொண்ணா காலியாச்சு.

1936 ஜூலை 30. வ. சுப்பையா வழிகாட்டுதல்ல தொழிலாளர்கள் போராடினப்போ சவானா மில்லுல துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் பிரெஞ்சிந்தியாவுல 8 மணி நேர வேலை கிடைச்சுது. அந்த மில்களும் 2020-ல ஒரேயடியா மூடியாச்சு.

20/
துணி செய்யறதை விட்டோம். துணியும் அழகும் வெளியில இருந்து வர ஆரம்பிச்சுது. 1975-ல ஒரு ஃபேர்னஸ் க்ரீம். விளம்பரத்துல கறுப்பா இருந்தா வேலை இல்ல, மாப்பிள்ளை இல்ல. 2020-ல உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிரா குரல் வந்தப்போ "ஃபேர்" வார்த்தையை எடுத்துட்டு "க்ளோ"ன்னு மாத்தினாங்க. டப்பா மேல பேர் மாறுச்சு. நம்ம வீட்டுல "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" மாறல. அந்த "இருந்தாலும்" இருக்கே, அதுதான் நோய்.

21/
அறிவியல் என்ன சொல்லுது? நிறமி செய்யற மெலனோசைட் செல்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். அதுக்குள்ள இருக்கிற மெலனின் பொட்டலங்களோட அளவு, வகை, பரவல்லதான் வித்தியாசம். நம்ம தோல்ல அது பெருசா, நல்லா பரவி, செல்லோட உட்கருவுக்கு மேல குடை மாதிரி நிக்குது. வெயில்ல இருந்து டி.என்.ஏ.வைக் காக்குது. பாகூர் வயல்ல நடவு நடுற அக்காவுக்குத் தோல் புற்றுநோய் வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னா, காரணம் இந்தக் குடை. அதைத்தான் காசு குடுத்துக் கிழிக்கிறோம்.

22/
எப்படிக் கிழியுது? ஒண்ணு, ஸ்டீராய்டு. பெட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், க்ளோபெட்டசால். ட்யூப்ல இந்தப் பேர் இருந்தா டாக்டர் சொல்லாம முகத்துல போடாதீங்க. முதல் ரெண்டு வாரம் பளிச்சுன்னு இருக்கும். அப்புறம் தோல் மெலியும், நிறுத்தினா எரிஞ்சு சிவக்கும், அதுக்குப் பயந்து மறுபடி போடுவாங்க.

ரெண்டு, பாதரசம். கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல 2021-23ல ஒரு வகை சிறுநீரக நோயோட வந்த 22 பேரை ஆராய்ஞ்சாங்க. 15 பேருக்கு நெல்-1னு ஒரு புரதம் சம்பந்தப்பட்ட வகை. அந்த 15 பேர்ல 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் போட்டவங்க. (பாகூர்க்காரங்களுக்கு நெல்லுன்னா வேற. இது அது இல்ல.) முகத்துல போட்டது கிட்னிக்குப் போயிருக்கு.

23/
எதிர்க்குரலும் இங்கிருந்தே வந்திருக்கு. 2009-ல சென்னையில ஒரு பெண்கள் அமைப்பு "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கத்தை ஆரம்பிச்சுது. 2013-ல நந்திதா தாஸ் அதுக்கு முகமா நின்னாங்க. 2017 கடைசியில பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நீலும் சென்னையில "டார்க் இஸ் டிவைன்"னு ஒரு போட்டோ தொடர் பண்ணாங்க. லட்சுமி, சரஸ்வதி, முருகன் எல்லாரும் கறுப்பு மாடல்கள். அதே பட்டு, அதே நகை. காலண்டர்லயே பார்த்துப் பழகின கண்ணுக்கு ஒரு நிமிஷம் ஆகும். கோயில் கருவறையில கருங்கல் சாமியைக் கும்பிட்டு வந்து, வீட்டுல வெள்ளை சாமி படம் மாட்டுற ஆட்கள்தானே நாம!

24/
எனக்குப் பிடிச்ச டிசைன் ஒண்ணு சொல்லட்டுமா? எந்தப் பத்திரிகையிலயும் வராது. பாகூர் ஏரிக்கரையிலயும் வில்லியனூர் வயல்லயும் வேலைக்குப் போற அக்காங்க, புடவைக்கு மேல வீட்டுக்காரரோட முழுக்கை சட்டை, தலையில துண்டு. வெயிலுக்கு, முள்ளுக்கு, குனிஞ்சு நிமிர, பாக்கெட்டுல போன் வைக்க. கறுப்பு, ஒல்லி, குண்டு எல்லா உடம்புக்கும் பொருந்தும். "எடுபடுமா"ன்னு யாரும் கேக்கறதில்ல. துணி அவங்க உடம்புக்கும் வேலைக்கும் ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்குது. செனகல்காரருக்கு நம்ம முன்னோர் செஞ்சு குடுத்ததும் அதைத்தான்.

25/
அந்தப் பொண்ணு என்ன ஆனா? க்ரீமைத் திடீர்னு நிறுத்த முடியாது. வேற மருந்து குடுத்துப் படிப்படியா நிறுத்தினோம். கல்யாணத்தன்னைக்கு முகம் முழுசா சரியாகல. பீச் கவுன் போடல, அவங்க பெரியம்மாவோட பழைய மயில்கழுத்துப் பட்டு கட்டினாளாம். கவுனுக்குக் குடுத்த அட்வான்ஸ் திரும்ப வரல. முகம் பழைய நிலைக்கு வர இன்னும் சில மாசம் ஆகும், பழைய கறுப்புக்குத்தான் வரும். போன தடவை செக்கப்புக்கு வந்தப்போ அவளே கேட்டா: "எப்போ டாக்டர் என் கலர் எனக்குத் திரும்ப வரும்?"

26/
இந்தக் கேள்வியை இவ்வளவு வருஷத்துல முதல் தடவையா கேட்டேன். "போன கலர் வேணும்"னு.

அடுத்த தடவை ஜவுளிக்கடையில "ஸ்கின் கலர்" கேக்கும்போது கையை நீட்டி, "இந்தக் கலர்ல குடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. இல்லன்னுதான் சொல்வாங்க. நாலு பேர் கேட்டா வாங்கி வைப்பாங்க, வியாபாரி அவ்வளவுதான். யாராவது இப்போ முகத்துக்கு ட்யூப் க்ரீம் போட்டுட்டு இருந்தா, நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா தொடராதீங்க. ட்யூபை எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கிற தோல் டாக்டரைப் பாருங்க. யாரும் திட்ட மாட்டோம்.

இழை முடிஞ்சுது.